ஆற்றோர மேட்டுப்படுகை மண்: குழி வெட்டி, அடுக்கு பார்த்து, வகை பிரிப்பது எப்படி? (கடலூர், புதுச்சேரிப் பகுதிக்கான வழிகாட்டி)

நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர், வில்லியனூர் பக்கம் ஆற்றோரம் நிலம் வைத்திருப்பவரிடம் மண் எப்படி என்று கேட்டால், "நல்ல வண்டல்ங்க" என்று பதில் வரும். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஒரே ஊரில் ஆற்றை ஒட்டிய வண்டலும், ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் வண்டலும் உழுத மேல்மண்ணில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஒன்றரை அடிக்குக் கீழே முற்றிலும் வேறாக இருக்கும். கரும்பு எத்தனை நாள் தண்ணீர் தாங்கும், வாழை சாயுமா, மழையில் வேர் அழுகுமா என்பதை அந்தக் கீழ்மண்தான் முடிவு செய்கிறது. மண் அட்டைக்காக மேலே அரை அடியில் மாதிரி எடுத்துக் கொடுப்பதில் இது எதுவும் தெரிய வராது.

தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி ஆற்றோரங்களில் உள்ள லோம் வகை மண்ணை, அதாவது மணலும் சில்ட்டும் (மணலைவிட நுண்ணிய, களியைவிடப் பருமனான துகள்) களியும் கலந்த இருமண்பாட்டு மண்ணை, நீங்களே குழி வெட்டிப் படித்து வகை பிரிப்பதற்கான வழி இது. வேளாண் மாணவர்களுக்கும் உதவும். நிலம் வாங்கப் போகிறவர்களுக்கு அதைவிட அதிகமாக உதவும்.

முதல் வேலை: நிலம் எந்தப் படியில் இருக்கிறது?

ஆறு ஒரு காலத்தில் இப்போதைவிட உயரத்தில் ஓடி, வெள்ளத்தில் வண்டலைப் பரப்புகிறது. பிறகு தன் தரையையே அரித்துக் கீழே இறங்கிவிடுகிறது. பழைய வெள்ளச் சமவெளி கரையோரத்தில் ஒரு படியாக மேலே நின்றுவிடுகிறது. இதுதான் மேட்டுப்படுகை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடலில் கலக்கும் ஆறுகள் அப்போது ஆழமாக வெட்டின, கடல் ஏறியபோது மறுபடி நிரப்பின. அளவுக்கு மீறி மணல் அள்ளப்பட்டு ஆற்றுத் தரை இறங்கும் இடங்களில் இதே வேலை நம் கண் முன்னாலேயே நடக்கிறது: நேற்று வரை வெள்ளம் ஏறிய படுகைக்கு இன்று சாதாரண வெள்ளம் எட்டுவதில்லை.

நிலத்தில் நின்று மூன்று இடங்களைப் பிரித்துப் பாருங்கள். அடிக்கடி வெள்ளம் ஏறும் தாழ்ந்த படுகை ஒன்று. பெருவெள்ளம் மட்டும் தொடும் நடுப்படி இரண்டாவது. எந்த வெள்ளமும் எட்டாத உயர்ந்த பழைய படி மூன்றாவது. இதற்கு நல்ல அளவுகோல் ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. அந்த வெள்ளம் தென்பெண்ணையை ஒட்டிய உங்கள் நிலத்தில் எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, மணலை விட்டுப் போனதா சேற்றை விட்டுப் போனதா என்று பக்கத்து நிலத்துப் பெரியவரைக் கேளுங்கள். அவர் வேப்பமரத்தில் கை வைத்துக் காட்டும் உயரம், எந்த வரைபடத்தைவிடவும் துல்லியமாக இருக்கும்.

மூன்று இடங்களில் ஏமாறுவார்கள். ஆற்றங்கரையை ஒட்டிய மேடு எப்போதும் பழைய படி ஆகாது. வெள்ளம் கரை தாண்டும்போது கனமான மணலை முதலில் போட்டுவிட்டுப் போவதால் உருவான கரைமேடாகவும் இருக்கலாம். அது புதிய மண். அதற்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில்தான் களி படியும். இரண்டாவது, ஆற்றுக்கு அணைக்கரை போட்ட பிறகு உள்ளே இருக்கும் நிலம் வெள்ளம் பார்க்காததால் பழைய படி போலத் தோன்றும். மண் என்னவோ இளமையானதுதான். மூன்றாவது, செம்மண் மேடு. கேப்பர் மலை, பண்ருட்டிப் பலா முந்திரி நிலங்கள், திருவக்கரைப் பக்கத்து மேடுகள் எல்லாம் கடலூர் மணற்கல் எனப்படும் மிகப் பழைய படிவத்தின் மேல் உண்டான மண். இன்றைய ஆறுகள் போட்ட படிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த மேட்டின் அடிவாரத்தில் மழை அரித்துக் கொண்டுவந்த செம்மண், படுகை வண்டலின் மேல் ஒரு போர்வையாகக் கிடக்கலாம். கெடிலத்தின் தென்கரையில் குழி வெட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழி வெட்டுவது

மாசி முதல் சித்திரை நடு வரை நல்ல காலம். நம் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. தை முடியும் வரை தாழ்ந்த படுகையில் நாலடி போனாலே தண்ணீர் ஊறும். கத்திரி வெயிலில் மண் கல்லாக இறுகிய பிறகு வெட்டினால் ஆளுக்கும் கஷ்டம், மண்ணின் கட்டமைப்பும் சரியாகத் தெரியாது.

வரப்பு, எருக்குழி, வாய்க்கால், மரநிழல், பழைய களத்துமேடு இவற்றை விட்டுத் தள்ளி இடம் தேர்ந்தெடுங்கள். ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் ஆழம் போதும். படிக்கப்போகும் சுவர் வெயில் விழும் பக்கமாக இருக்கட்டும். அந்தச் சுவருக்கு மேலே யாரும் நிற்கக் கூடாது, மண்ணையும் கொட்டக் கூடாது. மேல்மண்ணை ஒரு பக்கமும் கீழ்மண்ணை மறுபக்கமும் குவியுங்கள். எதிர்ச்சுவரில் இறங்க ஏறப் படி வெட்டிக்கொள்ளுங்கள். படுகையில் நடுவே மணல் அடுக்கு வந்தால் சுவர் திடீரென்று சரியும். தனியாக இறங்காதீர்கள், இரவு திறந்து போட்டுவிட்டு வராதீர்கள். மாடு விழுந்தால் வம்பு.

சுவரைப் படிப்பது

முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். மண்வெட்டி வழவழப்பாக்கிய பரப்பைக் கத்தி முனையால் மேலிருந்து கீழாகக் கொத்திப் பெயர்த்து விடுங்கள். இயல்பான உடைவு தெரியும். ஒரு டேப்பைத் தொங்கவிட்டு, நிறமோ கெட்டித்தன்மையோ மணல் அளவோ மாறும் இடத்தில் எல்லாம் ஆணி குத்துங்கள். ஒவ்வொரு இடைவெளியும் ஓர் அடுக்கு.

மேலே 15 முதல் 20 செ.மீ. வரை உழவு மண். அதன் அடியில் கத்தி இறங்க மறுக்கும் மெல்லிய கெட்டித் தட்டு இருக்கிறதா? சேற்றுழவு செய்த நெல் வயலிலும், கரும்பு லாரியும் டிராக்டரும் ஓடிய வயலிலும் இது பெரும்பாலும் இருக்கும். வேர்கள் அந்த இடத்தில் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதற்குக் கீழேதான் நிலத்தின் வயது தெரிகிறது. மணலும் வண்டலும் மாறி மாறி, மெல்லிய கோடுகளாக, நேற்றுப் படிந்ததுபோல் அப்படியே இருந்தால் மண் இளமையானது. மண்புழுவும் வேரும் ஈரமும் வெயிலும் அந்தக் கோடுகளை இன்னும் கலைக்கவில்லை. கோடுகள் மறைந்து, கையில் எடுத்தால் முனையுள்ள சிறு கட்டிகளாக உடைந்து, நிறமும் சற்றே பழுப்பேறியிருந்தால் அது நடுவயது. கட்டிகளின் முகத்திலும் வேர் போன துளைகளின் உட்சுவரிலும் மெழுகு தடவினாற்போல் மினுக்கும் களிப் பூச்சு தெரிந்தால் மண் முதிர்ந்தது. மழைநீரோடு இறங்கிய நுண்களி கீழே போய் ஒட்டியிருக்கிறது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. களிப்பூச்சு என்று நினைத்தது பல நேரம் வெறும் ஈர மினுக்கமாக இருக்கும். தென்பெண்ணை வண்டலில் இன்னொரு ஏமாற்றும் உண்டு: நந்தி மலையில் பிறந்து கருங்கல் நிலங்களைக் கடந்து வரும் ஆறு என்பதால் மைக்காத் துகள் வெயிலில் பளபளக்கும். அது துகள் துகளாக மின்னும். களிப்பூச்சு படலமாக மின்னும்.

நிறத்தை ஈரமாக்கிப் பார்த்து எழுதுங்கள். மண் நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முன்செல் நிற அட்டை கிடைத்தால் நல்லது, விலை அதிகம். இல்லாவிட்டால் "அடர்பழுப்பு, மஞ்சள் பழுப்பு" என்று எழுதினாலும் வேலை நடக்கும். துரு நிறப் புள்ளிகள் இருந்தால் அங்கே தண்ணீர் ஏறி இறங்குகிறது. சாம்பல் நிறத் திட்டுகள் இருந்தால் தண்ணீர் நீண்ட நாள் நிற்கிறது. இவை எந்த ஆழத்தில் தொடங்குகின்றன என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் நிலம் கார்த்திகையில் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கிறதா (நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது), சுக்கான் கல் உருண்டைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இடையில் திடீரென்று ஒரு கருமையான அடுக்கு வந்தால் அவசரப்பட வேண்டாம். ஒரு காலத்தில் அதுவே மேல்மண்ணாக இருந்து, பிந்தைய வெள்ளம் மூடிவிட்டிருக்கலாம். அதில் கரித்துண்டு, ஓட்டுச் சில்லு கிடைப்பதும் உண்டு. புதிய படிவு 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கீழே இருப்பது புதைந்த மண் என்று கணக்கு.

நயம்: கையால், புட்டியால், ஆய்வகத்தால்

மணலும் சில்ட்டும் களியும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதே மண்ணின் நயம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்து, சல்லி வேர் நீக்கி, புட்டு மாவு பதத்தைத் தாண்டி இழுபடும் வரை நனைத்துப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாடாவாகப் பிதுக்குங்கள். நாடா இரண்டரை செ.மீ. வருவதற்குள் ஒடிந்தால் மணற்பாங்கான லோம் அல்லது லோம். இரண்டரை முதல் ஐந்து செ.மீ. வரை நின்றால் களி லோம். அதற்கு மேல் போனால் களிமண். பிறகு உள்ளங்கையில் நிறையத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். நறநறத்தால் மணல் ஓங்கியிருக்கிறது. முகப்பவுடர் போல வழுக்கினால் சில்ட் ஓங்கியிருக்கிறது. இரண்டும் சமமாகத் தெரிந்தால் நடுநிலை லோம்.

புட்டிச் சோதனையும் செய்யலாம். நேரான சுவருள்ள கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், மண் துகள்களைத் தனித்தனியாகப் பிரித்துவிடும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கொஞ்சம் போட்டுப் பத்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். ஒரு நிமிடத்தில் படிந்தது மணல். ஆறு மணி நேரம் கழித்து அதன் மேல் சேர்ந்தது சில்ட். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படிவது களி. களி தண்ணீரோடு உப்பிப் படிவதால் புட்டி எப்போதும் களியைக் கூட்டிக் காட்டும். அதை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வகைப்பாட்டுக்கு ஆய்வக எண்ணைப் பயன்படுத்துங்கள்.

அமெரிக்க வேளாண் துறை முறைப்படி லோம் என்றால் களி 7 முதல் 27 சதவீதம், சில்ட் 28 முதல் 50 சதவீதம், மணல் 52 சதவீதத்துக்கு மிகாமல். இங்கே ஒரு சிக்கல். அந்த முறையில் மணலுக்கும் சில்ட்டுக்கும் எல்லை 0.05 மி.மீ. பன்னாட்டு முறையில் அது 0.02 மி.மீ. நம் ஆய்வகங்கள் பலவற்றில் பன்னாட்டு முறை வழக்கத்தில் இருக்கிறது. அந்த எண்ணை அப்படியே நயத்துக்குப் பெயர் சொல்லும் அமெரிக்க முக்கோண வரைபடத்தில் வைத்தால் லோம், மணற்பாங்கான லோமாகிவிடும். அறிக்கையில் எந்த முறை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். களியின் எல்லை இரண்டிலும் 0.002 மி.மீ.தான், அதனால் களி சதவீதத்தில் குழப்பமில்லை.

தண்ணீரும் சத்தும்

லோம் மண் ஒரு மீட்டர் ஆழத்தில், பயிர் எடுக்கக்கூடிய தண்ணீராகச் சுமார் 150 மி.மீ. பிடித்து வைக்கும். மணல் அதில் பாதியைக்கூடப் பிடிக்காது, 70 என்று வைத்துக்கொள்வோம். பாதி தீர்ந்ததும் பாய்ச்ச வேண்டும், கோடையில் கரும்பு நாளுக்கு 7 மி.மீ. குடிக்கிறது என்றால், லோமில் பதினொரு நாளுக்கு ஒரு தண்ணீர், மணலில் ஐந்து நாளுக்கு ஒன்று. பக்கத்து நிலத்துக்காரர் பாய்ச்சும் நாளைப் பார்த்து நாமும் மோட்டார் போடுவது எவ்வளவு தவறு என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

படுகையில் இன்னும் விசித்திரமான ஒன்று நடக்கும். லோமுக்கு அடியில் இரண்டரை அடியில் பருமணல் அடுக்கு இருந்தால், மேலே விட்ட தண்ணீர் விறுவிறுவென்று மணலுக்குள் ஓடிவிடும் என்றுதான் நினைப்போம். ஓடாது. லோமின் நுண்துளைகள் தண்ணீரை இறுகப் பிடித்திருக்கும். மேல் அடுக்கு ஏறக்குறைய நிறைந்து ததும்பும் வரை மணலுக்குள் இறங்காது. கோடையில் இது லாபம், அடைமழையில் நஷ்டம். காய்ந்த மணலுக்குள் வேரும் சுலபமாக இறங்காது. வாழை வைக்கப்போகும் நிலத்தில் இப்படி ஓர் அடுக்கு உண்டா என்பதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்ப்பேன்.

உறிஞ்சும் வேகம் பார்க்க, ஓர் அடி விட்டமுள்ள தகர டிரம்மை இரண்டு பக்கமும் வெட்டி, 10 செ.மீ. தரையில் அடித்து இறக்கித் தண்ணீர் நிரப்பி, வேகம் நிலையான பிறகு அளவெடுங்கள். லோமில் மணிக்கு 10 முதல் 20 மி.மீ. வரை இறங்கினால் இயல்பு. மிகவும் குறைவாக இருந்தால் உழவுத் தட்டைச் சந்தேகியுங்கள். தட்டை உறுதி செய்ய, 5 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள குழாய்த் துண்டை அந்த அடுக்கில் செருகி எடுங்கள். கொள்ளளவு 98 கன செ.மீ. சூளையில் உலர்த்திய பின் மண் 140 கிராம் என்றால் பருமன் அடர்த்தி 1.43, நல்ல மண். 1.7-ஐத் தொட்டால் வேர் திணறும்.

ஆய்வகத்துக்கு அடுக்குக்கு அரைக் கிலோ, நிழலில் உலர்த்தி, துணிப்பையில், ஆழம் எழுதிய சீட்டோடு கொடுங்கள். பிஎச், உப்பின் அளவைக் காட்டும் இசி, அங்ககக் கரிமம், நயம், சத்துகளைப் பிடித்து வைக்கும் சக்தியான கேட்அயன் மாற்றுத் திறன் இவை வேண்டும். வழக்கமாக மேல்மண்ணுக்கு மட்டுமே கரிமம் பார்ப்பார்கள். உங்களுக்கு எல்லா அடுக்குக்கும் வேண்டும் என்று வற்புறுத்திக் கேளுங்கள். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது. கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேல் அதிகம். முகத்துவாரப் பக்கம், அதாவது சுண்ணாம்பாறு, உப்பனாறு, தென்பெண்ணை கடலில் சேரும் இடங்களில், கீழ் அடுக்குகளின் இசி மேலடுக்கைவிட உயர்ந்திருந்தால் உவர்நீர் கீழிருந்து ஏறுகிறது என்று பொருள். அங்கே ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

பெயர் வைப்பது

இந்திய மண் ஆய்வு நிறுவனங்கள் பின்பற்றுவது 1975-இல் வெளியான அமெரிக்க மண் வகைப்பாட்டின் திருத்தப்பட்ட வடிவங்களை. அதில் பன்னிரண்டு பெரும் பிரிவுகள். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்; எதிலும் சேராதது கடைசியில் என்டிசால்.

நம் மேட்டுப்படுகைக்கு நாலு கேள்வி போதும். ஆண்டுதோறும் ஆழமாக வெடிக்கும் கனத்த களிமண்ணா? ஆம் என்றால் வெர்டிசால், இந்தக் கட்டுரைக்கு வெளியே. களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு உண்டா? மேலடுக்கில் களி 15 முதல் 40 சதவீதம் என்றால் கீழடுக்கில் அதைப்போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும், களிப்பூச்சும் தெரிய வேண்டும். காரச் செறிவு, அதாவது மாற்றுத் திறனில் கால்சியம், மக்னீசியம் போன்றவை பிடித்திருக்கும் பங்கு, 35 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது ஆல்ஃபிசால். நம் ஈரநிலைக்கு அதன் உட்பிரிவான ஹாப்லுஸ்டால்ஃப் வரும். உயர்ந்த பழைய படியில் இதை எதிர்பார்க்கலாம். ஆனால் எச்சரிக்கை: வெள்ளமே மேலே லோமும் கீழே களியும் போட்டுப் போயிருந்தாலும் எண் பொருந்திவிடும். பூச்சு இல்லாமல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

களி சேர்ந்த அடுக்கு இல்லை, ஆனால் படிவுக் கோடு கலைந்து கட்டமைப்பு உண்டான, 15 செ.மீ.க்குக் குறையாத அடுக்கு இருக்கிறது என்றால் இன்செப்டிசால், அதன் உட்பிரிவில் ஹாப்லுஸ்டெப்ட். எதுவுமே இல்லை, கோடுகள் அப்படியே இருக்கின்றன என்றால் என்டிசால். அதிலும் 25 முதல் 100 செ.மீ. வரை முழுக்க மணல் என்றால் உஸ்டிசாமென்ட், சவுக்குக்கு ஏற்றது. லோம் கலந்து வந்தால் உஸ்டிஃப்ளூவென்ட்.

ஆறு போட்ட மண் என்பதைக் குறிக்கும் "ஃப்ளூவ்" என்ற ஒட்டுக்குத்தான் எல்லா அடுக்கின் கரிமமும் தேவை. சாதாரண மண்ணில் கரிமம் ஆழம் போகப் போகச் சீராகக் குறையும். ஆறு போட்ட மண்ணில் குறைந்து, ஏறி, மறுபடி குறையும். அல்லது 125 செ.மீ. ஆழத்திலும் 0.2 சதவீதமாவது இருக்கும்.

உதாரணமாக ஒரு நடுப்படிக் குழி. 0–18 செ.மீ. உழவு மண், கரிமம் 0.62. 18–27 கெட்டித் தட்டு, 0.40. 27–70 பழுப்பு, கட்டி கட்டியாக உடைகிறது, களி 22 சதவீதம், கரிமம் 0.25. 70–88 கருமை, களி 24, கரிமம் 0.38. 88–150 மணற்பாங்கான லோம், களி 14, துருப்புள்ளி, கரிமம் 0.21. மெழுகுப் பூச்சு இல்லை, களி ஏற்றமும் போதவில்லை; ஆல்ஃபிசால் இல்லை. 27–70 அடுக்கு கட்டமைப்பு பெற்றிருக்கிறது, ஹாப்லுஸ்டெப்ட். கரிமம் 70-இல் மறுபடி ஏறுகிறது; ஃப்ளூவென்டிக். 75 செ.மீ.க்குள் சாம்பல் திட்டு இருந்திருந்தால் அக்விக், அதாவது தண்ணீர் தேங்கும் மண், ஆகியிருக்கும், இங்கே இல்லை.

வகைப்பாட்டில் இதற்கு அடுத்த நிலையான குடும்பத்தின் பெயருக்கு 25 முதல் 100 செ.மீ. வரையிலான சராசரிக் களி: தட்டின் அடிப்பகுதியையும் சேர்த்து 45 செ.மீ.க்கு 22, 18 செ.மீ.க்கு 24, 12 செ.மீ.க்கு 14, மொத்தத்தை 75-ஆல் வகுத்தால் சுமார் 21. களி 18-க்கும் 35-க்கும் இடையில் இருந்து, நுண்மணலும் அதைவிடப் பருமனான துகளும் சேர்ந்து 15 சதவீதமாவது இருந்தால் ஃபைன்-லோமி. களி 18-க்குக் கீழே என்றால் கோர்ஸ்-லோமி. கனிமம் பல வகை கலந்தது, அதனால் மிக்ஸட். நம் ஊரில் மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் 22 டிகிரிக்கு மேல், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வித்தியாசம் 6 டிகிரிக்குக் கீழே, அதனால் ஐசோஹைபர்தெர்மிக். ஆக, ஃபைன்-லோமி, மிக்ஸட், ஐசோஹைபர்தெர்மிக், ஃப்ளூவென்டிக் ஹாப்லுஸ்டெப்ட். கேட்அயன் மாற்றுத் திறனைக் களி சதவீதத்தால் வகுத்து வரும் செயல்திறன் வகுப்பையும் முறையான அறிக்கையில் சேர்ப்பார்கள்.

இந்த நீளப் பெயரை ஊர்வழக்கில் சொன்னால்: நடுவயது ஆற்றுமண், நடுத்தரக் களி, அரிதாக வெள்ளம், ஒரு மீட்டர் வரை வேர் இறங்கும். கரும்பு, வாழை, மணிலா, காய்கறி எதற்கும் தயங்க வேண்டாம். தட்டை மட்டும் உளிக்கலப்பையால் உடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். உஸ்டிஃப்ளூவென்ட் வந்தால் குறைந்த காலக் காய்கறியும் பூவும் வைத்து, மார்கழிக்கு முன் பெரிய முதலீட்டைத் தவிர்ப்பேன். ஹாப்லுஸ்டால்ஃப் வந்தால் வெள்ளப் பயம் இல்லை, பல்லாண்டுப் பயிருக்குப் போகலாம். வடிகால் மட்டும் கவனம்.

2024 வெள்ளத்தில் மணல் மூடிய நிலம் வைத்திருப்பவர்கள் முழுக் குழிக்குப் போகும் முன் மண் துளைப்பானால் பத்து இடத்தில் படிவின் கனத்தை அளந்து விடுங்கள். அரை அடிக்குள் என்றால் ஆழ உழுது கலக்கி, தொழுவுரமும் தக்கைப்பூண்டும் கொடுத்தால் ஓரிரு போகத்தில் தேறிவிடும். ஓர் அடிக்கு மேல் என்றால் கலக்குவது வீண் செலவு. மேல்மணலை ஒதுக்கி எடுப்பதா, பயிரை மாற்றுவதா என்பதைக் கனத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குழியை மூடும்போது கீழ்மண்ணை முதலில் போட்டு, அடிக்கொரு முறை மிதித்து இறுக்கி, மேல்மண்ணைக் கடைசியில் பரப்புங்கள். சர்வே எண், வரப்பு மூலையிலிருந்து எத்தனை மீட்டர், தேதி, தண்ணீர் ஊறிய ஆழம் இவற்றை மண் அட்டையோடு சேர்த்து வைத்தால், நிலம் கைமாறினாலும் அடுத்தவர் மறுபடி தோண்ட வேண்டியதில்லை.